மணி அடிக்காத கேமரா

அம்மா இறந்த வருஷம் என்பதால் எங்களுக்குத் தீபாவளி இல்லை. லீவு மட்டும் இருந்தது. யார் வீட்டில் யார் செத்தார்கள் என்று பார்த்தா திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்கள் லீவு விடுகிறார்கள்? என் வீட்டுக்காரர் முத்துகிருஷ்ணன், "நீ மட்டும் போயிட்டு வா கனகு, நான் வந்தா ஊரே என் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். நான் மட்டும் பஸ் ஏறி, நயினார்கோவிலைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலையில் தம்பி காளிதாஸ் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். "அக்கா, ராம்நாடு வரைக்கும் போயிட்டு வருவமா? ஒரு கேமரா வாங்கணும்."

"கேமராவா? கல்யாணம் எதுவும் முடிவாயிருச்சா?"

"அதெல்லாம் இல்ல. சின்னதா, சட்டப் பையில போடுற மாதிரி ஒண்ணு. தெனசரி உபயோகத்துக்கு. அய்யாவத் தெனமும் ஒரு படம் எடுத்து வச்சிரலாம்னு பாக்குறேன்."

அய்யா கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை இறக்காமலே சொன்னார். "என்னைய எடுக்கிறதுக்கு இன்னும் நாள் கெடக்குடா. அதுக்குள்ள எதுக்குப் பறக்குற?"

அவர் சிரிப்புக்குத்தான் சொன்னார். வேறு வீடாக இருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் பக்கம் சாவு வீட்டில் யாரும் 'பிணத்தை எப்போது தூக்குகிறீர்கள்' என்று கேட்க மாட்டார்கள். 'எப்ப எடுக்கிறாக?' என்றுதான் கேட்பார்கள். 'எடுத்தாச்சா?' என்றால் வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய்விட்டார்களா என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையால் எங்கள் வீடு பட்டது போதும். காளிதாஸ் தரையைப் பார்த்தான். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

நடந்தது இதுதான். மாசி மாதம், மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. எங்களுக்குத் தகவல் வந்து, திருப்பூரில் பஸ் பிடித்து, மதுரைக்கு முன்னால் அந்த பஸ் பழுதாகி நின்று, வேறு பஸ் மாறிப் பரமக்குடி வந்து இறங்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அங்கிருந்து எங்கள் ஊர் ஒரு மணி நேரம்கூட இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று காளிதாஸுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் கொட்டுச் சத்தமும் அழுகைச் சத்தமுமாக இருந்தது. "எடுத்தாச்சா?" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "எடுத்தாச்சு, நீ வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மகனாக இருந்தால் சுடுகாட்டுக்கு ஓடிப் போயாவது முகத்தைப் பார்த்துவிடலாம். பெண்கள் அங்கே போகக் கூடாது. வீட்டைவிட்டு எடுத்துவிட்டால் மகளுக்கு அவ்வளவுதான். நான் பரமக்குடி பஸ் ஸ்டாண்ட் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். துக்கம் கேட்டு யாராவது கூப்பிடுவார்கள் என்று போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். முத்துகிருஷ்ணன் டீ வாங்கி வந்தார். குடித்தேன். எங்கள் ஊர் பஸ் வந்தது, போனது. இனி என்ன அவசரம் என்று இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

ஆனால் அங்கே அம்மாவை எடுக்கவில்லை. கடைசியாகக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். படம் எடுத்தாகிவிட்டதா என்று நான் கேட்டதாக நினைத்துத்தான் அவன் எடுத்தாச்சு என்று சொன்னான். அதன் பிறகு எனக்காகத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள். போன் மேல் போன் போட்டிருக்கிறார்கள். அணைத்து வைத்த போன் எப்படி அடிக்கும்? முத்துகிருஷ்ணன் போன் சார்ஜ் தீர்ந்து வழியிலேயே அணைந்துபோயிருந்தது. பொழுது சாய்கிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்த, நான் போட வேண்டிய வாய்க்கரிசியைப் பெரியம்மா போட, எடுத்துவிட்டார்கள். நான் போய் இறங்கும்போது வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் தண்ணீர் ஓடியது.

"எடுத்தாச்சுன்னு சொன்னியேடா" என்றேன்.

"படத்தக் கேக்குறேன்னு நெனச்சேன்க்கா" என்றான்.

இதை ஊர் ஒரு வாரத்தில் கதையாக்கிவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர், 'பெத்த தாய் கெடக்க மகளும் மாப்பிள்ளையும் டீ குடிச்சாகளாம்' என்று எங்கள் காதுபடவே பேசினார்கள். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். சண்டையும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதபோது நான் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். திருப்பூர் போனேன், வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். அம்மா செத்ததற்கு எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

அம்மாவின் கடைசி முகம் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. அன்றைக்குக் காளிதாஸ் எடுத்த படத்தில். அந்த டச் போனைக் காரியம் முடிந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். இப்போது அவன் கையில் இருப்பது பட்டன் போன். வீட்டுச் சுவரில் மாலை போட்டிருக்கும் படம் என் கல்யாண ஆல்பத்திலிருந்து அம்மாவை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியது. அதில் அம்மா யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த போனை அவன் எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. காட்ட வேண்டியவன் அவன், நான் ஏன் கேட்க வேண்டும் என்ற வீம்பு. இந்தத் தடவை கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தேன். அதைப் பார்த்தால் எனக்குள் ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன். பார்த்தும் நடக்காவிட்டால் என்ன செய்வது என்றும் நினைத்தேன்.

ராமநாதபுரம் போகும் பஸ் ஏறினோம். மழை பெய்து நெல் பச்சை கட்டியிருந்தது. அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான்.

அரண்மனைப் பக்கம் தீபாவளிக் கூட்டம் காலையிலேயே கூடிவிட்டது. முதலில் ஒரு பெரிய போன் கடைக்குள் போனோம். மாரிச்செல்வி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் எங்களைப் பார்த்ததும் தீபாவளி ஆஃபர் என்று ஆரம்பித்தது.

"கேமரா வேணும்மா" என்றான் காளிதாஸ்.

"தனிக் கேமராவா? இப்ப யார் சார் அதெல்லாம் வாங்குறா? அந்தக் காசுக்கு இந்த போன எடுத்துக்கங்க. மூணு லென்ஸு இருக்கு. நெலாவையே எடுக்கலாம்."

"நெலா வேணாம். மணி அடிக்காம இருக்கணும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நான் என்ன செய்ய? "சைலண்ட்ல போட்டுக்கலாம் சார்" என்றது.

"சைலண்ட்ல போட்டாலும் கையில கிர்ருனு ஆடும்ல?"

"அதையும் நிப்பாட்டிரலாம் சார். ஏரோபிளேன் மோடுல போட்டா கால் வரவே வராது."

"போட மறந்துட்டா?"

அந்தப் பெண் அப்படியே திரும்பி, பக்கத்தில் இருந்த இன்னொருவருக்குப் போன் காட்டப் போய்விட்டது. வெளியே வந்ததும், "காசு குடுக்க வந்த ஆளுகள, கிறுக்குப் பிடிச்ச ஆளுகன்னு நெனச்சிருக்கும்டா அது" என்றேன். அவன் முன்னால் நடந்தான். நான் மேற்கொண்டு திட்டவில்லை. முன்பெல்லாம் இவனைத் திட்ட ஆரம்பித்தால் ஒரு தெரு முழுக்கத் திட்டிக்கொண்டே வருவேன். இப்போது அதற்கும் தெம்பில்லை.

விசாரித்து விசாரித்து, சந்துக்குள் இருந்த ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைக்காரர் சீனி முகம்மது. பாஸ்போர்ட் படம் எடுப்பது, பிரேம் போடுவது, பழைய கேமரா வாங்கி விற்பது எல்லாம் அவரே. உட்காரச் சொல்லி, கண்ணாடிப் பெட்டியிலிருந்து நாலைந்து சின்னக் கேமராக்களை எடுத்து மேஜையில் ஒரு துணி விரித்து வைத்தார். மனிதருக்கு நல்ல வாய்.

"எம்புட்டுக்குள்ள பாக்குறீங்க தம்பி?"

"ரொம்பப் போகக் கூடாது பாய். மிளகா வெல இந்த வருஷம் படுத்துக்கிருச்சு."

"அப்ப இதப் பாருங்க." பளபளவென்று இருந்த ஒன்றை முதலில் எடுத்தார். "புதுசு. ஆன்லைன்ல வருது. அட்டையில அறுபத்தி நாலு மெகாபிக்சல்னு போட்டிருப்பான். நம்பிராதீங்க. சின்னப் படத்த இழுத்துப் பெருசாக் காட்டுறான், அம்புட்டுத்தான். வெயில்ல எடுத்தா சுமார். வீட்டுக்குள்ள எடுத்தா மூஞ்சி மாவு பூசுன மாதிரி வரும். நானே விக்கிறேன், நானே சொல்றேன்."

அடுத்தது கொஞ்சம் கனமானது. மூக்கு நீளமாக வெளியே வந்தது. "இது தூரத்துல இருக்கிறத எடுக்கும். தனுஷ்கோடியில நின்னுக்கிட்டு நடுக்கடல்ல போற போட்டுல யார் இருக்கான்னு பாக்கலாம். ஆனா பையில அடங்காது. தெனசரிக்கு இது தோதுப்படாது." அதை ஓரமாக வைத்தார். மூன்றாவது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியதாக, வெள்ளி நிறத்தில், ஓரத்தில் லேசாகத் தேய்ந்திருந்தது. "இது செகண்ட் ஹேண்டு. பழைய கம்பெனி சாமான். மெகாபிக்சல் கம்மிதான். ஆனா மனுசன் தோலு மனுசன் தோலாத் தெரியும். பேட்டரி புதுசு போட்டிருக்கேன். கார்டு தாரேன். கடக்கரைக்கு மட்டும் கொண்டு போயிராதீங்க. ஒரு பொடி மணல் உள்ள போச்சுன்னா லென்ஸு வெளிய வராது."

வேறு யாராவது என்றால் கையில் வாங்கி எடை பார்ப்பார்கள், ஜூம் கேட்பார்கள், பிளாஷ் கேட்பார்கள். காளிதாஸ் எதையும் தொடவில்லை. "பாய், கை ஆடுனா படம் ஆடுமா?" என்றான்.

"ஆடத்தான் செய்யும். ஆனா இதுல ஆட்டத்தத் தாங்குற வேல ஒண்ணு உள்ள இருக்கு. லேசா ஆடுனா தெரியாது. ஓடியாடுற புள்ளய எடுக்கவா?"

"இல்ல. உக்காந்திருக்கவுகள எடுக்கத்தான்."

"உக்காந்திருக்கவங்க எதுக்குத் தம்பி ஆடப் போறாங்க?"

"அவுக ஆட மாட்டாக. எடுக்கிற ஆளு ஆடுனா?"

"லேசான்னா தாங்கும்."

"நல்லா ஆடுனா? திடீர்னு தூக்கிவாரிப் போட்ட மாதிரி ஆடுனா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. "ஏலே, பூகம்பத்துலயா நீ படம் எடுக்கப் போற? அய்யா கட்டில்ல உக்காந்திருப்பாக, நீ முன்னாடி நிப்ப. இதுக்கு எதுக்குடா இம்புட்டு?" கடைக்காரர் சிரித்தார். காளிதாஸ் சிரிக்கவில்லை. விலை போதுமா, உழைக்குமா, பில் உண்டா என்று ஒன்றும் கேட்காமல் அந்த ஒரு கேள்வியிலேயே நின்றான்.

"சரி, வாங்க பாத்துருவோம்" என்று சீனி முகம்மது அந்த வெள்ளிக் கேமராவை அவன் கையில் கொடுத்தார். "அக்காவ எடுங்க. நான் உங்க முழங்கையத் தட்டி விடுறேன்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பின்னால் நீலத் திரை. காளிதாஸ் கேமராவை இரண்டு கையாலும் பிடித்தான். தட்டுவதற்கு முன்பே அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் லேசாகத் தட்டினார். அமுக்கினான். பிறகு இருவரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா, கல்லு மாதிரி நிக்குது" என்றார் கடைக்காரர்.

எனக்கும் காட்டினார்கள். என் முகம்தான். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, தெளிவாக இருந்தது. அம்மாவின் மூக்கு எனக்கு வந்திருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். அதுவும் தெரிந்தது. நான் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டேன். காளிதாஸ் மட்டும் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி என் முகம் மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"பாய், இதுல எடுத்துக்கிட்டு இருக்கும்போது யாரும் கூப்பிட முடியாதுல்ல?"

"கேமராவுக்கு யார் தம்பி கூப்பிடப் போறா?"

"அப்ப இதையே குடுங்க" என்றான். கடைக்காரர் ஒரு விலை சொன்னார், நான் ஒரு விலை கேட்டேன், நடுவில் ஓர் இடத்தில் முடிந்தது. சார்ஜரையும் ஒரு கறுப்பு உறையையும் சேர்த்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். தீபாவளி வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். நாங்களும் சொன்னோம்.

பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தோம். வெடிக்கடை, துணிக்கடை, தரையில் விரித்த செருப்புக்கடை எல்லாவற்றிலும் ஆள் நின்றது. இதற்கு மேல் தள்ளிப்போட்டால் இனிக் கேட்கவே மாட்டேன் என்று தோன்றியது. நடந்துகொண்டே சொன்னேன். "வீட்டுக்குப் போனதும் அந்தப் பழைய போன எடுத்துக் குடு. அம்மா படத்தப் பாக்கணும்."

அவன் நின்றுவிட்டான். பின்னால் வந்த ஒருவர் அவன் மேல் மோதி, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

"அதுல ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லன்னா? அழிச்சிட்டியா?"

"அழிக்கல. படம் இருக்கு. அம்மா இல்ல."

ஒரு பாத்திரக் கடை ஓரமாக ஒதுங்கினோம். அவன் கேமராப் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னான். "உக்கார வச்சிட்டாக. எல்லாரும் வந்து நின்னுட்டாக. நான்தான் எடுத்தேன். அமுக்குற நேரம் பாத்து போன் அடிச்சிருச்சு. தூக்கிவாரிப் போட்டுச்சு. அமுக்கிட்டுத்தான் காதுல வச்சேன். எடுத்தாச்சான்னு கேட்ட. அமுக்கியாச்சுல்ல, எடுத்தாச்சுன்னுட்டேன்."

நான் அவன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தேன்.

"படம் எப்படி வந்துருக்குன்னு அன்னைக்குப் பாக்கல. யாருக்கு அந்த நெனப்பு இருக்கு? பதினாறாம் நாளுக்குப் பிரேம் போடக் கடையில குடுக்கும்போதுதான் பாத்தேன். இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. மாலை தெரியுது. சேலைக் கலரு தெரியுது. மூஞ்சி இருக்கிற எடத்துல கோடு கோடாப் போகுது. கண்ணு எங்கன, மூக்கு எங்கனன்னே தெரியல."

"யார் போனுடா அது?" என்று கேட்டேன். கேட்கத் தேவையில்லை. எடுத்தாச்சா என்று கேட்டது நான்தானே.

"சொல்லியிருக்கலாம்ல. எட்டு மாசமா."

"சொன்னா உன் போனாலதான்னு ஆயிருமேக்கா. ஏற்கனவே டீக் கத வேற ஓடிக்கிட்டு இருந்துச்சு."

எட்டு மாதமாக இவன் மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. அம்மாவின் முகத்தை இவன் மட்டும் வைத்துக்கொண்டு எனக்குத் தராமல் பூட்டிவிட்டான் என்ற கோபம். அந்தக் கோபம் அந்தப் பாத்திரக் கடை வாசலில் போய்விட்டது. போன இடத்துக்கு வேறு எதுவும் வரவில்லை. ஒரு பெண் குக்கருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். "வா, பஸ்ஸு வந்துரும்" என்றேன்.

பஸ் வந்திருக்கவில்லை. பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். பக்கத்தில் கருவாட்டுப் பையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தது. ராமேஸ்வரம் போகும் விரைவு பஸ்ஸில் ஏறப் பார்த்திருக்கிறது. அக்காள்மடத்தில் நிற்காது என்று கண்டக்டர் இறக்கிவிட்டாராம். "நிப்பாட்டுனா என்ன தேஞ்சா போயிரும் பஸ்ஸு" என்று பொதுவாக எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் காளிதாஸிடம் சொன்னேன். "நீ பாத்தேல்ல. சொல்லு."

"என்னத்த?"

"அம்மா மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."

"நல்லாத்தான்க்கா இருந்துச்சு."

"எல்லாரும் அதத்தான் சொல்றாக. நல்லா இருக்கிறதுக்கு அது என்ன கல்யாண வீட்டுக்கா போச்சு? ஒழுங்காச் சொல்லுடா. படமும் இல்லன்னு ஆகிப்போச்சு. நீயாச்சும் சொல்லு."

அவன் பெட்டியைத் தொடையில் வைத்துக்கொண்டான். ஒவ்வொன்றாக யோசித்துச் சொன்னான். "மஞ்ச நெறையாப் பூசியிருந்தாக. காது மடலு வரைக்கும். பொட்டு பெருசா வச்சிருந்தாக. நெத்தியில ஒரு ரூவா. மூக்குல பஞ்சு."

"வாயி?"

"வாய் தொறக்காம நாடியச் சேத்து வெள்ளத் துணியில கட்டியிருந்தாக. அதுனால கன்னம் ரெண்டும் உப்பலாத் தெரிஞ்சுச்சு. பல்லு வலி வந்தா துண்டக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்ல, அந்த மாதிரி."

"என்ன சேல?"

"அரக்கு. நீ போன பொங்கலுக்கு எடுத்துக் குடுத்தது. பெரியம்மாதான் பீரோவுல இருந்து எடுத்து வந்துச்சு. பூவு நெறைய வச்சாக. தல ஒரு பக்கமாச் சாஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பின்னாடி ஒரு ஆளு புடிச்சிக்கிட்டு நின்னாரு."

நான் அதை எல்லாம் வரிசையாக மனசில் வைத்துக்கொண்டேன். மஞ்சள், பொட்டு, துணிக்கட்டு, அரக்குச் சேலை. எல்லாம் இருந்தும் அது அம்மாவாகச் சேரவில்லை. யாரோ ஒரு பொம்பளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு?" என்றேன்.

அவன் பெட்டியின் மூடியை நகத்தால் சுரண்டினான்.

"கண்ணு மூடியிருந்துச்சா காளி?"

"ஒண்ணு மூடியிருந்துச்சு."

"இன்னொண்ணு?"

"எடது கண்ணு மூடல. எத்தன தடவ மூடுனாலும் அரைவாசி தொறந்துக்கிருச்சு. பெரியம்மா வெளக்கெண்ண தொட்டு வச்சு அமுக்கிப் பாத்துச்சு. கேக்கல. அப்புறம் பெரியம்மாவே மூடுறத விட்டுருச்சு." பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டான். "கனகுவத்தான் பாத்துக்கிட்டு இருக்கா, அவ வந்து மூடுனா மூடிக்கிரும், விடுங்கன்னு சொல்லுச்சு."

"அப்புறம்?"

"நீ வரல."

எனக்கு உள்ளே ஏதோ அறுந்தது. முதலில் சத்தம் வரவில்லை, மூச்சுதான் போய்ப் போய் வந்தது. பிறகு சத்தம் வந்தது. அது என் சத்தம் என்று எனக்கே தெரியவில்லை. அம்மா என்றா, ஆத்தா என்றா, என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். அரைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பரமக்குடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் அடித்துக்கொண்டேன். காளிதாஸ் என் கையைப் பிடிக்கப் பார்த்தான், முடியவில்லை. புதுத்துணிப் பைகளோடு போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

கருவாட்டுப் பை அம்மா எழுந்து வந்தது. "என்னப்பா? என்னாச்சு இந்தப் புள்ளைக்கு?"

"எங்கம்மா எறந்துட்டாக" என்றான் காளிதாஸ்.

"அய்யோ, நாளும் கெழமையுமா. எப்பப்பா?"

அவன் என்னைப் பார்த்தான்.

"இப்பத்தான்" என்றான்.

அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தது.